முள் காட்டிய அறுபது

ஜனவரி 5, ஞாயிறு

இருபத்திரண்டு வருடமாக எடைமேடை நடத்துகிறேன். தேங்காய் லாரி, ஜல்லி லாரி, பஞ்சு லாரி, எது ஏறி நின்றாலும் வெள்ளியங்கிரியின் சீட்டில் பத்துக் கிலோ முன்னே பின்னே இருக்காது. தப்பான எண் ஒன்றை இந்தக் கையால் எழுதியதே இல்லை. அப்பேர்ப்பட்டவனை இன்று பொள்ளாச்சி மெஸ்ஸில் வைத்து எட்டுப் பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் சங்கத்தில் மொத்தம் ஒன்பது வண்டி. எல்லாமே பழைய சீமைக் கார்களைப் பார்த்துக் கட்டிய நகல்கள். என்னுடையது பச்சை. தூரத்தில் பார்த்தால் தொண்ணூறு வருடப் பழசு, கிட்டே வந்து தட்டினால் ஃபைபர். உள்ளே ஓடுவது ஒரு சின்னக் காரின் இன்ஜின். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, வேக மீட்டர் டேஷ்போர்டின் நட்டநடுவில். பீளமேட்டில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் பக்கத்திலேயே நின்று கட்டிய வண்டி.

காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து எல்லோரும் சேர்ந்துதான் கிளம்பினோம். நான் வழி முழுக்க அறுபதில் போனேன். முள் அறுபதை விட்டு அசையவில்லை, சத்தியம். ஆனால் கிணத்துக்கடவு தாண்டி, மொபெட்டில் ஆட்டுத்தழை கட்டிக்கொண்டு போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தது.

மெஸ்ஸுக்குப் போனால் இட்லி தீர்ந்து, சங்கத் தலைவர் வக்கீல் தண்டபாணி பல் குத்திக்கொண்டிருக்கிறார். "என்னப்பா வெள்ளியங்கிரி, வண்டிய ஓட்டிட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

"வழி பூரா அறுபது" என்றேன்.

"ரூவாயா?" என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிய மனைவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். "வாங்க, தோசை இருக்குதாம்" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

மீட்டரில் ஏதோ கோளாறு. விட மாட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

உடுமலையிலிருந்து தங்கை கனகு போன் செய்தாள். பதினோரு வருடம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை, பேர் தன்ஷிகா. என் வாயில் அது நுழைவதில்லை, நான் பொம்மி என்றுதான் கூப்பிடுவது. பொம்மிக்குக் காதுகுத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள். பிப்ரவரி மூன்று, திங்கட்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தே காலுக்குள், மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான்தான், வேறு ஆள் இல்லை.

"அண்ணா, மூணு வருசமா பஸ்ஸுலயே வந்துட்டுப் போறீங்க. இந்த வாட்டி உங்க வண்டிலதான் வந்து எறங்கோணும். அண்ணி, நீங்க சொல்லுங்க!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சாந்தாமணி என்னைப் பார்த்தாள். "மீட்டர் சரியானதும் வண்டி வரும்" என்று சொல்லி வைத்தேன். தப்பான மீட்டரோடு சுபகாரியத்துக்குப் போவதா?

ஜனவரி 8, புதன்

சோதனை. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை முள்ளை அறுபதிலேயே பிடித்தால் சரியாக அறுபது நொடி ஆக வேண்டும். செல்போனை நம்புவதில்லை, வண்டியில் அதைத் தொடவும் மாட்டேன். என் பழைய ஸ்டாப்வாட்சைச் சாந்தாமணியிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் "அறுவதுங்க" என்றாள். அறுபத்தொன்று கூட இல்லை, ஐம்பத்தொன்பது கூட இல்லை. அப்படியானால் மீட்டர் சரி. அப்படியானால் அந்த மொபெட்?

ஜனவரி 12, ஞாயிறு

தண்டபாணியை உட்கார வைத்து அதே கல், அதே வாட்ச். தொண்ணூறு நொடி. இரண்டாம் முறை எண்பத்தொன்பது. முள் அறுபது காட்டும்போது வண்டி உண்மையில் போவது நாற்பது!

"நாப்பதுல போறதுக்கு இவ்ளோ பெரிய கண்ணாடி எதுக்குப்பா?" என்று, காற்றுக்காக நான் மாட்டும் பெரிய மூக்குக்கண்ணாடியைக் காட்டிக் கேட்டார் அந்த மனுஷன். வக்கீல் வாயை அடைக்க முடியுமா?

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் சொன்னேன். "எனக்கு அந்த வாட்சு அமுக்கத் தெரியலீங்க" என்றாள். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். வயசாகிறது, பாவம்.

இன்னொரு விசித்திரம். மீட்டரில் ஓடிய தூரம் காட்டும் எண் கல்லுக்குக் கல் கனகச்சிதமாக இருக்கிறது. டயர், கேபிள், கியர் எதிலாவது கோளாறு என்றால் தூரமும் தப்ப வேண்டும். தூரம் சரி, முள் மட்டும் பொய்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எடைமேடைக்கும் வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொய் சொல்லும் மீட்டருக்கு எதற்குப் பொட்டு என்று கேட்டேன். "அது யார் குடியக் கெடுத்துச்சு?" என்று சொல்லி, பெரிதாகவே ஒரு பொட்டு வைத்தாள் சாந்தாமணி.

ஜனவரி 17, வெள்ளி

உக்கடம், காஜா பாய் மீட்டர் கடை. கோயமுத்தூரில் மீட்டர் என்றால் இவர்தான். ஆறு மாதம் முன்னால் சாந்தாமணி மீட்டரின் கண்ணாடியை மாற்றக் கொண்டுவந்ததும் இவரிடம்தான். அந்தக் கண்ணாடி மாற்றியதிலிருந்துதான் வண்டி சும்மா அறுபதைத் தொட ஆரம்பித்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

என்னைப் பார்த்ததும் காஜா பாய்க்கு டீ வாங்கப் போகும் அவசரம் வந்துவிட்டது. இரண்டு டீ குடித்த பிறகும் மீட்டரைத் தொடவில்லை. "இது நல்லாத்தானே இருக்குது சார்? எதுக்கு நோண்டிக்கிட்டு? சில மீட்டரெல்லாம் அப்படியே விட்டாத்தான் அழகு."

"எடைமேடைக்காரன்கிட்ட அழகப் பத்திப் பேசறீங்க" என்று கோபமாகவே சொன்னேன். பெருமூச்சு விட்டுத் திறந்தார். முள்ளுக்குப் பின்னால் தலைமுடி மாதிரி ஒரு சுருள் கம்பி. அதுதான் முள்ளை இழுத்துப் பிடிப்பது. அதைத் தளர்த்திவிட்டால் கொஞ்ச வேகத்துக்கே முள் மேலே ஏறிவிடும். இதில் நன்றாகவே தளர்த்தியிருந்தது.

தானாகத் தளரவில்லை. கம்பியைப் பிடிக்கும் திருகாணி அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்து முத்திரை போட்டிருந்தது. என் எடைமேடைக்கு அரசாங்கத்து ஆள் ஈய முத்திரை போடுவது போலவே! கத்தரிப்பூவும் ரோஜாவும் கலந்த மாதிரி ஒரு நிறம்.

"யார் வெச்சது பாய்?"

"சார், என்கிட்ட நூறு மீட்டர் வருது, நூறு போகுது. எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். கடைகளில் ஆயிரம் புட்டி விற்கிறது, ஆயிரம் பேர் வாங்குகிறார்கள். சரி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மீட்டர் வந்துவிட்டது. ஸ்டாப்வாட்சோடு தண்டபாணி வந்தார். முள் நாற்பது, தொண்ணூறு நொடி. அப்பழுக்கில்லை. அவரை இறக்கிவிட்டுத் தனியாக அறுபதுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று புறவழிச்சாலையில் ஏறினேன். நாற்பத்திரண்டு வந்தபோது கண்ணில் வெயில் அடித்தது. திரும்பிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

நாற்பத்தொன்றில் ஏதோ கருகும் வாசனை. திரும்பிவிட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. பக்கத்துக் காட்டில் சருகு எரித்திருப்பார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

நாற்பதில் ஒரு மாடு. மாடு சாலையில் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தது. ஆனாலும் மாட்டை நம்ப முடியாது.

ஜனவரி 26, ஞாயிறு

சங்கத்து வண்டிகள் கொடி கட்டிக்கொண்டு போயின. நான் போகவில்லை. மீட்டர் கேபிளுக்குக் கிரீஸ் போட வேண்டியிருந்தது.

சாந்தாமணி டீயோடு ஷெட்டுக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் கிரீஸ் போடுவதையே பார்த்தாள். "முள்ளு பொய் சொன்னப்ப நல்லா சிரிச்சுப் பேசிட்டு ஓட்டுனீங்க. நெசம் சொல்ல ஆரம்பிச்சதும் வண்டியத் தொடவே மாட்டீங்கறீங்க" என்றாள்.

"கேபிள்ல சத்தம் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கல." டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டாள். மழை மேகம் போட்டால் அந்த இடம் அவளுக்கு வலிக்கும்.

எழுதித் தொலைக்கிறேன். மூன்று வருடம் முன்னால், கனகுவின் வளைகாப்புக்குப் போகும்போது, கோமங்கலம் வளைவில் பழைய காரைப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டேன். முள் தொண்ணூற்றைந்தில் இருந்தது. எதிரே யாரும் வரவில்லை, மாடு வரவில்லை, வெயில் அடிக்கவில்லை. வேகமாகப் போனேன், அவ்வளவுதான். எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்டது, "வளையல் ஒடஞ்சுதா?" அவள் கையில் இருந்த வளையல் இல்லை, கனகுவுக்கு வாங்கிப் போனது.

பயமெல்லாம் ஒன்றும் இல்லை. கேபிளில்தான் சத்தம்.

ஜனவரி 31, வெள்ளி

உடுமலைக்கு முதல் பஸ் நாலே முக்காலுக்கு. சும்மா தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று விசாரித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கனகு மறுபடி போன். "என்ற மாமியார் வீட்ல பேசிக்கறாங்கண்ணா. 'உங்க அண்ணன் நேரத்துக்கு வல்லீன்னா பெரியப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்திப்போடலாம், அவனும் மாமன் மொறைதானே'ங்கறாங்க. பதினோரு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைங்கண்ணா." அழுதுவிட்டாள். "நான் உசுரோட இருக்கறப்ப எவன் மடியும் வேண்டாம்" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டால் ஆயிற்றா?

கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு கிலோமீட்டர். நாற்பதில் போனால் ஒன்றரை மணி நேரமும் மூன்று நிமிடமும். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு. அதற்கு முன்னால் ஆறே முக்காலுக்குக் கிளம்பினால், நாற்பதிலேயே எட்டரைக்குள் போய்ச் சேர்ந்து கோயில் வாசலில் காப்பி குடிக்கலாம். யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

சாந்தாமணி சீர்த்தட்டு கட்டி, சிவப்புப் பட்டுத் துண்டு போட்டு மூடினாள். பொம்மிக்கு நான் போட வேண்டிய தங்கக் கம்மல் பெட்டியை, மறக்காமலிருக்க இப்போதே வண்டியின் டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு எலுமிச்சை நசுக்கிக் கிளம்பினோம். நாற்பது. பனி, இளவெயில், சாந்தாமணி தலையில் மல்லிகை. கிணத்துக்கடவு தாண்டி, சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று அவள் டேஷ்போர்டைத் திறந்தாள். கம்மல் பெட்டி இல்லை.

எடுத்தது நான்தான். விடியற்காலையில் கடைசியாக ஒரு தடவை மீட்டர் கேபிளைப் பார்க்கலாம் என்று டேஷ்போர்டுக்குள் கை விட்டேன். பெட்டி குறுக்கே நின்றது. எடுத்து ஷெட் அலமாரியில், கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்தேன். திருப்பி வைக்கவில்லை.

"அட சாமி!" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பினோம். வீடு வந்து சேரும்போது எட்டு மணி. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து வண்டியில் உட்கார்ந்தால், அவள் ஏறவில்லை. "ராகு காலமுங்க."

"நாமதான் ஏழரைக்கு முன்னாலயே கிளம்பிட்டமே?"

"அது திரும்பி வந்த பயணம். முடிஞ்சு போச்சு. இப்பக் கெளம்பறது புதுசு. கொழந்த காரியத்துக்கு ராகு காலத்துல படி தாண்ட மாட்டேன்." சாந்தாமணி ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

ஒன்பது வரை வாசலில் வண்டியும் நானும் அவளும் சீர்த்தட்டும். தெருவே விசாரித்துவிட்டுப் போனது. "பஸ்ஸுல போயிரலாம்" என்றேன். "பஸ்ஸு ரெண்டு மணி நேரமுங்க" என்றாள். ஒன்பதிலிருந்து பத்தே கால் வரை எழுபத்தைந்து நிமிடம். அறுபத்திரண்டு கிலோமீட்டர். ஐம்பதில் போனால்தான் பிடிக்க முடியும். பத்தரைக்கு எமகண்டம் வேறு.

சரியாக ஒன்பதுக்குக் கிளம்பினோம். நாற்பது வந்தது. கால் தானாகத் தூக்கிக்கொண்டது. மறுபடி அழுத்தினேன். நாற்பது, தூக்கிக்கொண்டது. கனகு அழுதது காதில் கேட்கிறது, கால் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

"சாந்தா, என்னால முடியலடி" என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

அவள் சீர்த்தட்டின் மேலிருந்த பட்டுத் துண்டை உருவி, நடு மீட்டரின் மேல் போட்டு, ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கத்து முனையை மட்டும் லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ரோட்டப் பாருங்க. முள்ள நான் பாத்துக்கறேன். நாப்பதத் தாண்டுனா சொல்றேன்."

ரோட்டைப் பார்த்தேன்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"நாப்பதுங்க. அப்படியே போங்க."

கிணத்துக்கடவு வந்தது. நாற்பது. காற்று மூக்குக்கண்ணாடிக்குள் புகுந்து கண்ணில் நீர் வந்தது. நாற்பது. ஒரு மொபெட்டைத் தாண்டினோம். ஒரு டவுன் பஸ்ஸைத் தாண்டினோம். "பஸ்ஸு நின்னுட்டிருந்துச்சுங்க" என்றாள். பொள்ளாச்சி. அவள் தலைப் பூ பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. "நாப்பதுதானே?" என்று கத்தினேன், காற்றுச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை. "நாப்பதேதான்!" என்று அவளும் கத்தினாள்.

கோமங்கலம் வளைவு வந்தது. புளியமரத்தில் என் பழைய வண்டி உரித்த பட்டை இன்னும் சரியாக மூடவில்லை. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். ஒரு கையில் பட்டுத் துண்டு, ஒரு கையில் சீர்த்தட்டு. தோளைத் தொடவில்லை. வண்டி வளைவைச் சாய்ந்து எடுத்து நேராகிவிட்டது.

கோயில் வாசலில் இறங்கினோம். ஆசாரி ஊசியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். பெரியப்பா மகன் வேட்டியைச் சரி செய்துகொண்டு பலகையில் உட்காரப் போனவன், பச்சை வண்டியைப் பார்த்து அப்படியே எழுந்து நின்றான். "என்ற அண்ணன் வந்துட்டாங்க!" என்று கனகு போட்ட சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் பறந்தன. மாப்பிள்ளை ஓடி வந்து, "வாங்க மச்சான்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

பொம்மியை மடியில் வைத்துக்கொண்டேன். மொட்டைத் தலை, சந்தனம். முதல் காது குத்தியதும் என் மீசையைப் பிடித்து இழுத்தது பாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்தே அழுதோம். எனக்கு மீசை வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நல்லது.

பிப்ரவரி 4, செவ்வாய்

எண்ணை எண்ணாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தூரம் காட்டும் எண் பொய் சொல்லாது. வீட்டிலிருந்து கோயில் வாசல் அறுபத்திரண்டு. கிளம்பியது ஒன்பது, இறங்கும்போது கோயில் மணிக்கூண்டில் பத்து ஆறு. அறுபத்தாறு நிமிடம். சராசரி ஐம்பத்தாறு. ஊருக்குள் ஊர்ந்ததைக் கழித்தால், நாலு வழிச் சாலையில் முள் எழுபதைத் தொட்டிருக்க வேண்டும்.

நாற்பதில் போகிறவனிடம் ஆறு மாதம் முள்ளை அறுபது என்று சொல்ல வைத்தாள். எழுபதில் போகிறவனிடம் நாற்பது என்று சொன்னாள். கடையில் ஆயிரம் புட்டி விற்கலாம், அந்தக் கத்தரிப்பூ ரோஜா நிறத்தைக் போன தீபாவளிக்குச் சாந்தாமணியின் விரலில்தான் பார்த்தேன். பாய் கடையில் திருகாணியைப் பார்த்த அன்றைக்கே தெரியும். எழுதத்தான் மனசு வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

காஜா பாய் கடைக்குப் போனேன். மனுஷனுக்கு என்னைப் பார்த்ததும் மறுபடி டீ ஞாபகம் வந்துவிட்டது. "மீட்டர்ல மறுபடி ஏதாவதுங்களா சார்?"

"ஒண்ணும் இல்ல பாய். கண்ணாடிய மட்டும் தொடச்சுக் குடுங்க." துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அம்மா அன்னிக்கு வந்து, 'அவரு தலை நிமிந்து ஓட்டோணும் பாய், அவ்ளோதான்'னாங்க சார்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரும் வழியில் பேன்சி கடையில் அதே நிறத்தில் ஒரு நகப்பாலிஷ் வாங்கி, அவள் கண்ணாடி மேசையில் வைத்தேன். சாயங்காலம் பார்த்துவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். "இது எதுக்குங்க?"

"பழையது திருகாணிக்குப் பூசித் தீந்திருக்குமே."

முகம் அப்படியே சிவந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசில் என்ன சிவப்பு! முக்காலியில் உட்கார்ந்து, புட்டியைத் திறந்து, என்னைப் பார்க்காமல் ஒவ்வொரு விரலாகப் பூச ஆரம்பித்தாள்.

"ஏன் சாந்தா, கோமங்கலம் வளைவுல எவ்வளவுல போனோம்?"

சுண்டு விரலை ஊதிக் காய வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நாப்பதுங்க."

ஆகவே எழுதி வைக்கிறேன்.

இடம்: கோமங்கலம் வளைவு. வேகம்: 40. சரிபார்த்தவர்: சாந்தாமணி.